பைனாகுலரைப் பெற்றுக்கொண்டவர்

ரைஸ் மில்லின் வாசலில், உமி கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில், ஏழுமலை தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டிப் போட்டிருக்கவில்லை. அடித்த அடையாளமும் இல்லை. எழுந்து போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். காலை ஏழு மணியிலிருந்து அப்படியே இருந்தார். நான் போனபோது மணி பதினொன்று. பறந்து வந்த உமித்தூள் தலைமுடியிலும் புருவத்திலும் படிந்து, நாலு மணி நேரத்தில் அவரைக் கிழவராக்கியிருந்தது.

என்னைப் பார்த்தார். வழக்கமாகத் தூரத்திலேயே ‘இன்னா சார்’ என்று குரல் கொடுப்பவர், அன்று பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே மில் ஆபீஸ் அறையில், மேசைமேல் ஒரு பைனாகுலர் இருந்தது. அதற்கு நேர் மேலே சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய ஒரு பத்திரிகைத் துண்டு. மூன்று பத்திச் செய்தி, ஒரு படம். செய்தியை எழுதியவன் நான். படமும் நான் எடுத்ததுதான்.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் செய்த அநியாயங்களைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். ‘உங்களுக்கு எப்போதும் கோபம்தானா’ என்று வாசகர்கள் சிலர் கடிதம் போடுகிறார்கள். ஆமாம், கோபம்தான். இந்த வாரம் அதில் பெரும் பங்கு எனக்கே சேர வேண்டியது.

காலை அவளுக்கு, மாலை அவருக்கு

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதம். உத்திரமேரூரில் ஒரு நாளிதழுக்கு நான் பகுதி நேர நிருபர். சென்னையில் ஒரு டிராவல்ஸில் வேலை பார்த்த நண்பர் போன் செய்து, ஹாலந்திலிருந்து ஒரு தம்பதி வருகிறார்கள், இரண்டு நாள் கூட இருந்து ஊரைக் காட்ட முடியுமா என்று கேட்டார். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். சரி என்றேன்.

கணவர் பெயர் ஹென்க், மனைவி பெயர் ஆன்னா. இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஆன்னாவுக்குப் பறவை என்றால் உயிர். ஹென்க்குக்குப் பழைய கட்டடங்களும் கல்லில் வெட்டிய எழுத்துகளும். எந்த நாட்டுக்குப் போனாலும் இருவருக்குள்ளும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. விடிந்ததிலிருந்து பத்து மணி வரை அவளுடைய நேரம், வெயில் ஏறிய பிறகு அவருடைய நேரம். ஒருவர் நேரத்தில் மற்றவர் முணுமுணுக்கக் கூடாது. எகிப்தில் ஒரு கோயில் தூணின் உச்சியில் பருந்துக் கூடு இருந்ததாம். அன்று மட்டும்தான் இருவரும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் பார்த்தோம் என்று ஆன்னா சொன்னாள்.

முதல் நாள் காலை வேடந்தாங்கல் போய்விட்டு வந்திருந்தார்கள். மாலையில் நான் உத்திரமேரூர்க் கல்வெட்டு மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். குடவோலைத் தேர்தல் விதிகள் வெட்டிய அந்தச் சுவருக்கு முன்னால் ஹென்க் இரண்டு மணி நேரம் நின்றார். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டார். நான் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டார். வேட்பாளருக்குச் சொந்த நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும். பிறர் பொருளைத் திருடியவன் பெயர் குடத்துக்குள் போகாது.

“நிலம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?” என்று கேட்டார் ஹென்க்.

அதைப் பற்றிச் சுவரில் ஒன்றும் இல்லை என்றேன். சரியான பதில்தான். அப்போது அதில் எனக்கு ஓர் உறுத்தலும் ஏற்படவில்லை.

ஒரே தொழில்

இரண்டாம் நாளுக்கு ஆன்னா ஒரு நிபந்தனை வைத்தாள். கூட்டம் இல்லாத ஏரி வேண்டும், ஏரியைத் தெரிந்த ஆள் வேண்டும்.

உத்திரமேரூரிலிருந்து நாலு மைல் தள்ளி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். ஏரியின் கடைக்கோடியில், மதகுக்கு அப்பால், புறம்போக்கில் பத்துப் பதினைந்து இருளர் குடிசைகள் இருந்தன. ஏழுமலையின் வீடு அங்கேதான். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். அறுப்பு முடியும் வரை நெல்வயல்களில் எலி பிடிப்பது அவர் வேலை. அவரை அன்று நான் ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்று தெரிந்தும். இப்போது எழுதும்போது ‘அவர்’ போடுகிறேன்.

விடியற்காலையில் ஏரிக்குள் இறங்கினோம். மற்ற வழிகாட்டிகள் வானத்தைப் பார்ப்பார்கள். ஏழுமலை சேற்றைப் பார்த்தார். சேற்றில் பதிந்த விரல் தடத்தையும் எச்சத்தையும் உடைந்த நத்தை ஓட்டையும் பார்த்து, இன்ன பறவை இன்ன திசையில் போயிருக்கிறது என்றார். அந்தத் திசையில் அது இருந்தது. கோரைப்புல்லுக்குள் மயில் உள்ளான் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்ததை, அது பறந்துவிடாமல் ஆன்னாவுக்குப் பத்தடி தூரத்தில் காட்டினார். இருபது வருஷமாக இதைத் தேடுகிறேன் என்று அவள் என் காதில் கிசுகிசுத்தாள். கண்ணில் தண்ணீர்.

கரையேறியதும் கூகை இருக்குமா என்று கேட்டாள். நான் கேட்டுச் சொன்னேன். ஏழுமலை சிரித்தார்.

“அதுவும் எலி புடிக்குது, நானும் எலி புடிக்கிறேன். ரெண்டு பேருக்கும் ஒரே தொழிலு. அது எங்க கீதுன்னு எனக்குத் தெரியாம பூடுமா சார்?”

அது இருந்தது ஊர்க்கோடியில் பூசை நின்றுபோன பழைய சிவன் கோயில் விமானத்தில். ஹென்க்குக்கு முகமெல்லாம் பல். பழைய கோயில், அதில் ஒரு பறவை. எகிப்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்று மனைவியின் தோளைத் தட்டினார்.

செருப்புக்குக் காவல்

கோயில் வாசலில் அம்பாசிடர் கார் நின்றிருந்தது. ஊராட்சியின் முன்னாள் தலைவர் தணிகாசலம் இரண்டு பொன்னாடைகளோடு காத்திருந்தார். வெள்ளைக்காரர்கள் வந்திருக்கும் செய்தி அவருக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் போகும். ஊரில் பாதி நிலமும் ரைஸ் மில்லும் அவருடையவை. பதவி போய் இரண்டு வருஷமாகியும் ஊர் அவரை ‘பிரசிடென்ட்’ என்றுதான் கூப்பிட்டது. அப்போது பதவியில் இருந்த புதிய தலைவரை ‘புதுசு’ என்றது.

பொன்னாடை போர்த்தினார். உலகத்துக்கே ஓட்டுப் போடக் கற்றுக் கொடுத்தது எங்கள் வட்டாரம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். ஏழுமலை வெறுங்காலோடுதான் வந்திருந்தார். அவரும் எங்களோடு படியேற ஒரு காலை வைத்தார்.

தணிகாசலம் குரலை உயர்த்தவில்லை. “நீ இங்கியே குந்து. செருப்ப பாத்துக்க” என்றார்.

நாலு பேரின் செருப்பு. சுற்றிலும் ஆள் நடமாட்டமே இல்லாத புதர். ஏழுமலை காலைக் கீழே இறக்கினார்.

உள்ளே போனதும் ஆன்னா திரும்பிப் பார்த்து, அவர் ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “அவர் களைப்பாக இருக்கிறார். வெளியே இருக்க விரும்புகிறார்.”

யோசிக்காமல் வாயில் வந்த பொய் அது. மொழிபெயர்ப்பாளனுக்கு இரண்டு பக்கமும் நிம்மதி தரும் வசதி இருக்கிறது. அன்று அதைப் பயன்படுத்தினேன்.

கூகை இருக்கும் பொந்து எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கால் மணி நேரம் தேடினோம். கடைசியில் மதிலுக்கு வெளியிலிருந்து ஏழுமலையின் குரல் வந்தது. “மேல்கட்டுல மூணாவது பொம்ம, கை ஒடஞ்சது கீது பாருங்க. அதும் முதுகுக்குப் பின்னால.” அங்கேதான் இருந்தது. இதய வடிவ முகம், பாதி மூடிய கண். உள்ளே இருந்த நாலு பேருக்கு, வெளியே நிறுத்தப்பட்டவர் காட்டிக்கொடுத்த பறவை.

வெளியே வந்ததும் ஆன்னா நேராக ஏழுமலையிடம் போனாள். அவள் பையில் இன்னொரு பைனாகுலர் இருந்தது. பழையது, கறுப்பு, வலது கண் பக்கம் ஒரு கீறல். அதை அவர் கழுத்தில் மாட்டி, “இது உங்களுக்கு, வேறு யாருக்கும் இல்லை, இதைச் சரியாகச் சொல்லுங்கள்” என்று என்னிடம் சொன்னாள். சரியாகச் சொன்னேன். அவர் பெயரைக் கேட்டு, நோட்டில் கூகைக்கு நேராக எழுதிக்கொண்டாள்.

ஏழுமலை அதைக் கண்ணில் வைத்து வெகுநேரம் ஏரிப் பக்கம் பார்த்தார். “எங்கூட்டு கூரைல காக்கா குந்திகினு கீது சார்” என்றார். குரலில் அவ்வளவு ஆச்சரியம்.

“இன்னாடா அது, குடு பாப்போம்” என்றார் தணிகாசலம். வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். “தம்பி, ஒரு படம் எடு.”

நடுவில் அவர், பக்கத்துக்கு ஒருவராகத் தம்பதி. கேமராவைக் கண்ணில் வைத்தேன். சட்டகத்தின் ஓரத்தில் ஏழுமலை நின்றிருந்தார். கையை ஆட்டி விலகச் சொன்னேன். விலகினார். எடுத்து முடித்ததும் தணிகாசலம் பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று அவருக்கு அதில் ஆசை ஒன்றும் இல்லை. இதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று பத்தி

சின்ன ஊர் நிருபரின் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

செய்தியை எழுதி, பிலிம் ரோலோடு கவரில் போட்டு, மாலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். பத்து அனுப்பினால் மூன்று வரும். எது வரும் என்பதற்கு எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் பெயர் இருந்தால் வரும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து விளம்பரம் பிடித்துத் தருவதும் நிருபரின் வேலைதான் என்பதால், அந்தப் பிரமுகர் விளம்பரம் தருகிறவராக இருந்தால் கட்டாயம் வரும். யாரும் இதை எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லாமலே கற்றுக்கொண்டோம். மரம் நட்டது பிள்ளைகளாக இருக்கும். ‘தலைவர் மரம் நட்டார்’ என்று எழுதுவோம். கை பழகிவிட்டது.

அச்சில் வந்துவிட்டால் அது எப்படி நிற்கும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. அதற்குச் சில வருஷம் முன்பு, ஒரு பஸ் விபத்தில் இறந்தவர் பட்டியலில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பெயரைத் தவறாகச் சேர்த்துவிட்டேன். மறுநாள் அவர் டீக்கடையில் என் முன்னால் வந்து உட்கார்ந்து, “செத்தவன் வந்துகிறேன், ஒரு டீ சொல்லு” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் ரேஷன் கடையில் அவர் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டார்கள். அந்தக் கோட்டை அழிக்க அவர் ஆறு மாதம் அலைந்தார். திருத்தம் போடச் சொல்லி நான் அலுவலகத்தின் செய்தி டெஸ்க்குக்கு எழுதினேன். வரவில்லை. இத்தனையும் தெரிந்தவன்தான் இதையும் எழுதினேன்.

ஹாலந்து தம்பதி பற்றிய செய்தியின் கடைசிப் பத்தி இது: ‘பறவைகளைப் பாதுகாத்துவரும் கிராம மக்களைப் பாராட்டி, வெளிநாட்டுத் தம்பதி பைனாகுலர் ஒன்றை அன்பளிப்பாக வழங்கினர். அதனை ஊராட்சி மன்ற முன்னாள் தலைவர் தணிகாசலம் பெற்றுக்கொண்டார்.’

இரண்டு வாக்கியம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தணிகாசலம் கேட்கவும் இல்லை. கடல் தாண்டி வந்தவள் நின்று கேட்டு எழுதிக்கொண்ட ஒரு பெயரை, தினமும் அந்த வழியாக சைக்கிளில் போகிற நான் எழுதவில்லை. எழுதினால் செய்தி வராமல் போகுமோ என்று பயந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அதுகூட உண்மையில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை.

செய்தி வந்தது. படத்தோடு வந்தது.

பைனாகுலர் எங்கே?

நாலைந்து நாளில் ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியர் மில்லுக்குப் போய், கிராமத்துக்கு வந்த பைனாகுலரைப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் காட்டலாமா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். தணிகாசலம் மழுப்பி அனுப்பினார். டீக்கடையில் ‘புதுசு’வின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். ஊருக்கு வந்த பொருளை மாஜி அமுக்கிவிட்டார், மெட்ராஸில் விற்றுவிட்டார், மாப்பிள்ளைக்குச் சீர் கொடுத்துவிட்டார் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் கையைக் குவித்துக் கண்ணில் வைத்துக் காட்டினார்கள்.

ஆக, அவருக்குப் பைனாகுலர் தேவைப்பட்டது. குடிசைக்கு ஆள் அனுப்பினார். ஏழுமலை தரவில்லை. அந்தம்மா எனக்குக் கொடுத்தது என்றார். மறுநாள் காலை வரப்பில் எலி வளை தோண்டிக்கொண்டிருந்தவரைப் பிடித்து வந்து மில் வாசலில் உட்கார வைத்தார்கள். குடிசைக்குள் புகுந்து பைனாகுலரையும் எடுத்து வந்துவிட்டார்கள். ஊர்ப் பொருளைத் திருடியவன் என்றார்கள். சாட்சி, பத்திரிகை.

ஏழுமலையின் மனைவி கன்னியம்மா பஸ் பிடித்து உத்திரமேரூருக்கு என் வீடு தேடி வந்தார். அழவில்லை. “அந்தம்மா குடுக்க சொல்ல நீ பக்கத்துல தான சார் இருந்த? வந்து அத ஒரு வார்த்த சொல்லு. ஸ்டேஷன்ல வுட்டாங்கன்னா அப்பறம் எங்க எது காணாம போனாலும் எங்கூட்டுக்குதான் வருவாங்க” என்றார்.

எந்த ஊரில் பித்தளைக் குடம் காணாமல் போனாலும் முதலில் இருளர் குடிசைக்கு ஆள் வருவது எனக்குத் தெரியும். அப்படிப் பல செய்திகள் நானே அனுப்பியிருக்கிறேன். ‘சந்தேகத்தின் பேரில்’ என்று எழுதுவோம்.

இரண்டு மூட்டை அரைபடும் நேரம்

“வா தம்பி, நாஷ்டா ஆச்சா?” என்றார் தணிகாசலம்.

அது ஏழுமலைக்குக் கொடுத்தது, நான் கூடவே இருந்தேன், நீங்களும் இருந்தீர்கள் என்றேன்.

“நானு இல்லன்னு சொன்னனா?” அவர் சிரித்தார். பிறகு பேனாவால் சுவரைக் காட்டினார். “இது இன்னா சொல்லுதுன்னுதான் பாக்கறேன். இதுல எதுனா பொய் கீதா? இருந்தா எழுதிக் குடு. கையெழுத்து போட்டுக் குடு. அவன இப்பவே வுட்டுர்றேன். உங்க ஆபீசுக்கு அனுப்பி, இன்னாய்யா உங்க ஆளு இப்பிடி எழுதறான்னு நான் கேட்டுக்கறேன். பொய் இல்லன்னா, அவன ஸ்டேஷன்ல வுட்டுட்டு வந்து நானு என் வேலையப் பாக்கறேன்.”

ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

பொய்ச் செய்தி எழுதியதாக எழுதிக் கொடுத்தால் நிருபர் வேலை போகும். சந்தேகமே இல்லை. ஜன்னல் வழியாக ஏழுமலையின் முதுகு தெரிந்தது. பக்கத்தில் வெயிலில் கன்னியம்மா நின்றிருந்தார். பெல்ட் ஓடும் சத்தம். நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்பதை மணிக்கணக்கில் சொல்ல முடியாது. யோசிக்க ஆரம்பித்தபோது தொட்டியில் ஒரு மூட்டை நெல்லைக் கொட்டினார்கள். எழுத ஆரம்பித்தபோது மூன்றாவது மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூட்டை நெல் அரைபடும் நேரம், ஒரு மனிதர் செய்யாத திருட்டையும் என் வேலையையும் தராசில் வைத்துப் பார்த்தேன்.

எழுதினேன். பைனாகுலர் ஏழுமலைக்கே தரப்பட்டது, செய்தியில் ‘தவறுதலாக’ வேறு விதமாக வந்துவிட்டது என்று எழுதினேன். பொய் என்று எழுதவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு எங்கள் தொழிலின் சொல் கைகொடுத்தது.

அவர் படித்துவிட்டு மடித்து டிராயரில் வைத்தார். “கூட்டிக்கினு போ.”

பைனாகுலரை எடுக்கக் கை நீட்டினேன். “அது இங்கியே கெடக்கட்டும். ஊரு பேரு கீது இல்ல?” என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

கடிதத்தை அவர் என் அலுவலகத்துக்கு அனுப்பவே இல்லை. டிராயரில் வைத்திருந்தார். அடுத்த ஏழெட்டு வருஷம் அவர் ஊர்ச் செய்தி எதையும் அவரைக் கேட்காமல் நான் அனுப்பவில்லை. அவர் இறந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இதை எழுதும்போது அவர்மேல் வரும் கோபத்தை எண்ணிச் சொல்லிவிடலாம். என்மேல் வருவதற்கு எண்ணிக்கை இல்லை.

திருத்தத்துக்கும் முயற்சி செய்தேன். அன்று மாலையே டெஸ்க்குக்கு போன் போட்டேன். “ஒரு பைனாகுலருக்கெல்லாம் திருத்தமா? யாராவது நோட்டீஸ் விட்டிருக்காங்களா?” என்று கேட்டார் பொறுப்பில் இருந்தவர். இல்லை என்றேன். நோட்டீஸ் விடக்கூடியவர்களுக்குத்தான் திருத்தம்.

ஏரிக்கரையில்

மில்லிலிருந்து மூவரும் ஏரிக்கரை வழியாக நடந்தோம். ஏழுமலை வாய்க்காலில் முகம் கழுவினார். தூள் போய்ப் பழைய வயது திரும்பியது. கரையில் உட்கார்ந்தார்.

“அந்த பேப்பர்ல இன்னா எழுதிகீது? படி” என்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ‘சார்’ வரவில்லை.

நிருபர்கள் தங்கள் செய்தியை வெட்டிப் பையில் வைத்துக்கொள்வது வழக்கம். எடுத்துப் படித்தேன். தலைப்பிலிருந்து மூன்று பத்தியும் படித்தேன். கடைசிப் பத்தியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். படத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். விரலால் படத்தின் ஓரத்தைத் தடவினார்.

“இதுல நான் எங்கியுமே இல்லியே.”

“இல்லை.”

“எம்பேரே இல்லாத காயிதத்த வெச்சி என்ன எப்பிடிப் புடிச்சாங்க?”

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கன்னியம்மாவும் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரியும். அந்தப் பெயரை நான் எழுதாததால்தான் பிடித்தார்கள். அதைச் சொல்லாமல், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்தேன்.